டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் டிராகன் மேல் ஏறிச் சண்டை போடும் வீரருக்கு விதிகளை எப்படி வைத்துக்கொள்வது?

பகடை உருட்டிக் கதை நடத்தும் உங்கள் ஆட்டத்தில் ஒன்பதாம் லெவல் ஃபைட்டர் (போர்வீரர் பாத்திரம்) ஒருவருக்குக் கதைப்படி ஒரு இளம் வெள்ளி டிராகன் துணையாகக் கிடைத்திருக்கிறது. புத்தகத்தில் உள்ள சவாரிச் சண்டை விதி போதுமா, நாமாக ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நிலைமையில் ஏறக்குறைய ஒரு வருடம் டி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) ஆக இருந்திருக்கிறேன். நான் ஆடுவது 2014 ஐந்தாம் பதிப்பு, அதை வைத்தே சொல்கிறேன்.

புத்தக விதி பாதி தூரம்தான் கொண்டுபோய் விடும், ஏனென்றால் அதைக் குதிரையை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். குதிரைச் சவாரியில் முதலில் சாகக்கூடியது குதிரை. டிராகன் சவாரியில் முதலில் சாகக்கூடியவர் மேலே உட்கார்ந்திருப்பவர். நீங்கள் சேர்க்க வேண்டியதெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது.

கணக்கைப் பாருங்கள். போர்க்குதிரைக்கு 19 ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி), ஏசி (அடி படாமல் தப்பும் எண்) 11. கான்ஸ்டிட்யூஷன் (உடல் தாங்குதிறன்) 14 உள்ள உங்கள் ஃபைட்டருக்குச் சராசரியாக 76. அவருக்குக் கீழே இருக்கும் இளம் வெள்ளி டிராகனுக்கு 168, ஏசி 18. மவுன்டட் காம்பாட்டன்ட் என்ற ஃபீட் (சிறப்புத் திறன்), வாகனத்தின், அதாவது ஏறிச் செல்லும் விலங்கின், மேல் வரும் அடியை வீரர் தன் மேல் திருப்பிக்கொள்ளலாம் என்கிறது. குதிரைக்கு அது உயிர்ப்பிச்சை. டிராகனுக்கு அதைச் செய்தால், வேலியைக் காப்பாற்றப் பயிரை முன்னால் நிறுத்துகிற மாதிரி ஆகிவிடும். எதிரே ஒரு இளம் சிவப்பு டிராகன் கூம்பு வடிவில் நெருப்பு கக்குகிறது என்று வையுங்கள். சராசரி 56 டேமேஜ், டிசி (தப்பிக்கப் பகடையில் எட்ட வேண்டிய எண்) 17. இருவரும் அந்தக் கூம்புக்குள் இருப்பார்கள், இருவரும் தனித்தனியாக சேவ் (தப்பிக்கும் பகடை) உருட்ட வேண்டும். இருவரும் தோற்றால் டிராகனுக்கு 112 மிச்சம், வீரருக்கு 20.

சரி, யார் ஏறலாம் என்பதில் குழப்பமே இல்லை. வாகனம் ஒரு அளவாவது பெரியதாக இருக்க வேண்டும். இளம் டிராகன் லார்ஜ் (பெரிய அளவு), மனிதர் மீடியம் (நடுத்தர அளவு), அதனால் சரிதான். டிராகன் குஞ்சும் மீடியம் என்பதால் அதில் ஹாஃப்லிங் போன்ற சிறியவர்கள் மட்டுமே ஏற முடியும்.

அடுத்தது, டிராகனை யார் நடத்துவது. கட்டுப்பாட்டில் உள்ள வாகனம் என்றால் அது வீரரின் இனிஷியேட்டிவில் (சண்டையில் முறை வரும் வரிசையில்) நகரும். ஆனால் டேஷ் (கூடுதல் ஓட்டம்), டிஸ்எங்கேஜ் (அடி வாங்காமல் விலகல்), டாட்ஜ் (தற்காப்பு) என்ற மூன்றைத் தவிர வேறு ஆக்‌ஷன் எடுக்க முடியாது. கடிக்காத, மூச்சு விடாத டிராகனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நல்லவேளையாக, டிராகன் போன்ற அறிவுள்ள உயிர்கள் சுதந்திரமாகவே இயங்கும் என்று பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற விதிப்புத்தகத்திலேயே பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. அப்போது அதற்கென்று தனி இனிஷியேட்டிவ், தனி முடிவு. நான் அந்த டிராகனை மேஜையில் இருந்த இன்னொரு ஆட்டக்காரரின் கையில் கொடுத்தேன். சவாரி செய்பவர் அவரைக் கேட்டுத்தான் எங்கே பறப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. "அவ்வளவு கீழே இறங்க மாட்டேன்" என்று டிராகன் மறுத்த நாளில்தான் எல்லோருக்கும் அது ஒரு ஆள் என்று உறைத்தது.

ஆனால் தனி இனிஷியேட்டிவில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. டிராகன் தன் முறையில் 80 அடி பாய்ந்து எதிரியைத் தாண்டிப் போய்விடும். வீரரின் முறை வரும்போது எதிரி எங்கோ இருப்பார். இதைச் சமாளிக்க வீரர், காத்திருந்து அடிக்கும் ரெடி ஆக்‌ஷன் எடுக்கலாம், ஆனால் அது சுற்றுக்கு ஒருமுறை மட்டும் கிடைக்கும் எதிர்வினையான ரியாக்‌ஷனைத் தின்றுவிடும். எக்ஸ்ட்ரா அட்டாக் (இரண்டாவது அடி) சொந்த முறையில்தான் வேலை செய்யும் என்பதால் ஃபைட்டருக்கு ஒரு அடிதான் மிஞ்சும். டிராகன் கிடைத்ததால் அவர் பலவீனமாகிவிட்டார்! எங்கள் மேஜையில் இரண்டாவது சண்டையிலேயே அவர் முகம் வாடியதைப் பார்த்து விதியை மாற்றினேன். இருவருக்கும் ஒரே இனிஷியேட்டிவ், டிராகனுக்கு எல்லா ஆக்‌ஷனும் உண்டு, இருவர் முறையையும் இடையிடையே பிரித்து ஆடலாம். டிராகன் 40 அடி இறங்கும், வீரர் இரண்டு முறை குத்துவார், டிராகன் மீதி 40 அடி மேலே ஏறும். இதில் லான்ஸ் (நீண்ட சவாரி ஈட்டி) அற்புதமாக வேலை செய்யும். அது எட்டும் தூரம் 10 அடி. எதிரிக்கு எட்டும் தூரம் 5 அடி என்றால் அதற்குள் நுழையாமலே அடித்துவிட்டுப் போகலாம், ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (விலகிப் போகிறவர் மேல் விழும் அடி) வராது. நுழைந்துவிட்டால் வெளியேறும்போது எதிரி டிராகனை அடிப்பதா, வீரரை அடிப்பதா என்று அவரே தேர்ந்தெடுப்பார். புத்தியுள்ள எதிரி வீரரைத்தான் அடிப்பார்.

இந்த மாற்றத்துக்கு விலை உண்டு. அந்த டிராகனின் சேலஞ்ச் ரேட்டிங் (சண்டையில் எவ்வளவு கடினம் என்ற எண்) 9. சண்டையைத் தயாரிக்கும்போது அதையும் குழுவில் ஒருவராகச் சேர்த்தே கணக்குப் போடுங்கள். பாத்ஃபைண்டர் என்ற இதே மாதிரி ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே வீரரும் வாகனமும் அடுத்தடுத்த அடிகளுக்கு விழும் மல்டிபிள் அட்டாக் பெனால்டியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

இனி விழுவது. 10 அடிக்கு ஒரு ஆறுமுகப் பகடை, அதிகபட்சம் 20 பகடை. பறக்கும் உயிர் கீழே தள்ளப்பட்டாலோ, வேகம் பூஜ்யமானாலோ, அந்தரத்தில் நிற்கும் திறன் இல்லாவிட்டால் விழும். வாகனம் சாய்ந்தால் வீரர் ரியாக்‌ஷன் செலவழித்து இறங்கிக் காலூன்றி நிற்கலாம் என்று விதி சொல்கிறது. 120 அடி உயரத்தில் எதன் மேல் காலூன்றுவது?

எங்கள் ஆட்டத்தில் நடந்தது இது. ஆட்ட விரிப்பில் டிராகன் பொம்மை, அதன் பக்கத்தில் உயரத்தைக் காட்ட இரண்டு பகடை, 120 அடி. கோபுரத்தின் மேல் நின்ற எதிரி மந்திரவாதி அசையாமல் கட்டிப்போடும் ஹோல்டு மான்ஸ்டர் மந்திரத்தைப் போட்டார். டிசி 16. டிராகனுக்கு விஸ்டம் (மன உறுதி) சேவ் கூடுதல் 4. பகடையில் 9, மொத்தம் 13. செயலிழந்து விழுகிறது. விழுவதை மெதுவாக்க ரியாக்‌ஷனில் போடும் ஃபெதர் ஃபால் மந்திரம் இருந்தால் ஐந்து பேர் வரை தாங்கும், டிராகனும் அதில் அடக்கம். எல்லோரும் எங்கள் குழுவின் மந்திரவாதியான விசார்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தன் ஷீட்டை (பாத்திர விவரத் தாளை) பார்த்துவிட்டு, "ரியாக்‌ஷன் இல்ல, இப்பதான் ஷீல்டு போட்டேன்" என்றார். 12 பகடையை நானே உருட்டவில்லை, ஃபைட்டரின் கையில் கொடுத்தேன். 44 வந்தது. அவரிடம் அப்போது 51 இருந்தது. டிராகன் அதே 44-ஐ வாங்கிக்கொண்டு படுத்திருக்க, அதன் கழுத்தடியில் 7 ஹிட் பாயின்டோடு அவர். அதற்குப் பிறகு எங்கள் விசார்ட், டிராகன் மேலே இருக்கும்போது ரியாக்‌ஷனைத் தொட்டதே இல்லை.

வயது வந்த டிராகனுக்கு லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் (தோற்ற சேவ்-ஐ வெற்றியாக்கும் திறன்) நாளைக்கு மூன்று முறை உண்டு, இந்த ஆபத்து குறைவு. இளம் டிராகனுக்கு அது கிடையாது. இன்னொன்று, சாதாரண வலையின் விலை 1 பொற்காசு. லார்ஜ் வரை அது பிடிக்கும், பிடித்தால் வேகம் பூஜ்யம். தாழப் பறக்கும் இளம் டிராகனை ஒரு மீனவர் இறக்கிவிடலாம். ஹியூஜ் (லார்ஜுக்கு அடுத்த அளவு) ஆன பிறகு வலை பலிக்காது.

கடைசியாகச் சேணம். பறக்கும் வாகனத்துக்கு 60 பொற்காசு எக்ஸாட்டிக் சேணம் வேண்டும். வாகனம் தன் விருப்பமில்லாமல் நகர்த்தப்பட்டால் டிசி 10 டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவ், தோற்றால் வீரர் கீழே. இதில் நான் வார் கட்டும் விதி ஒன்று சேர்த்தேன். ஒரு ஆக்‌ஷன் செலவழித்து வாரைக் கட்டிக்கொண்டால் அந்த சேவ் வேண்டாம். ஆனால் டிராகன் தரையில் விழுந்தால், இன்னொரு ஆக்‌ஷனில் அவிழ்க்கும் வரை அவர் நகர முடியாது. கட்டாதவர் தவறி விழுந்தால், டிராகன் சுயநினைவோடு இருந்தால், தன் ரியாக்‌ஷனில் அவரைப் பிடிக்கலாம். இரண்டிலும் லாபம் நஷ்டம் உண்டு என்பதால் எங்கள் ஃபைட்டர் ஒவ்வொரு சண்டைக்கும் யோசித்தே முடிவு செய்தார். அடுத்த ஆட்டத்தில் டிராகன் சிறகு விரிக்கும் முன் உங்கள் வீரரிடம் வாரைக் கட்டுகிறாரா என்று கேட்டு, பதிலை அவர் ஷீட்டிலேயே பென்சிலால் எழுத வையுங்கள். விழத் தொடங்கிய பிறகு கேட்டால் எல்லோருமே கட்டியிருந்தேன் என்றுதான் சொல்வார்கள்.