அருவிகளுக்கு நடுவே ஒரு சிற்றூர்: லாட்டர்புருன்னன் கேள்வி பதில்

சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில், இன்டர்லாக்கனுக்குத் தெற்கே ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு. நான் பெர்ன் நகரவாசி. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது அங்கே போய்விடுவேன். கோடை விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் கீழே.

மலைமேல் ரயில் நிலையம் இருக்கும் யுங்ஃபிராயோக் போகும் வழியில் லாட்டர்புருன்னனில் இரண்டு மணி நேரம் இறங்குகிறோம். எதைப் பார்க்கலாம்? (கோவை வாசகர்)

ரயில் நிலையத்தையும், தெருவில் படம் எடுக்கும் கூட்டத்தையும் பார்க்கலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லோரும் செய்யும் தவறுதான் இது. இரண்டு இரவு தங்குங்கள். பகல் கூட்டம் மாலை ரயிலில் ஏறிப் போன பிறகுதான் அந்த ஊருக்கு அருவிச் சத்தம் திரும்பக் கிடைக்கிறது.

இன்னொன்று: யுங்ஃபிராயோக் டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்னதாக வாங்காதீர்கள். 3,454 மீட்டர் உயரத்துக்குப் பெரும் பணம் கொடுத்து ஏறி, மேகத்தின் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு இறங்கியவர்களில் நானும் ஒருவன். உச்சியில் இருக்கும் நேரலைக் கேமராவைக் காலையில் எழுந்ததும் பாருங்கள். வானம் தெளிந்திருந்தால் அன்றே கிளம்புங்கள். கீழே தங்கியிருப்பவருக்குத்தான் இந்த வசதி.

இங்கே 72 அருவிகள் என்கிறார்களே, உண்மைதானா? (சேலம் வாசகி)

எண்ணிப் பார்க்க முயன்று நான் தோற்றிருக்கிறேன். ஜூனில் பனி உருகும்போதும் பெருமழைக்கு மறுநாளும் பாறையெங்கும் வெள்ளி நூல் தொங்கும். ஆகஸ்ட் கடைசியில் பாதி காய்ந்துவிடும்.

ஏன் இத்தனை என்பதுதான் சுவையான கேள்வி. பனியுகத்தில் பெரிய பனியாறு ஒன்று இந்தப் பள்ளத்தாக்கை அடிவரை குடைந்து, இருபுறமும் செங்குத்துச் சுவராக்கிவிட்டது. பக்கத்துச் சிறு பள்ளத்தாக்குகளின் பனியாறுகளுக்கு அவ்வளவு ஆழம் தோண்டும் வலு இல்லை. ஆகவே அந்தச் சிறு பள்ளத்தாக்குகள் நடு உயரத்திலேயே நின்றுபோயின. இன்று அந்த வழியாக வரும் ஓடைகளுக்குச் சுவரின் விளிம்பில் குதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஊரையொட்டி விழும் ஸ்டாப்பாக் ஏறத்தாழ 300 மீட்டர். தண்ணீர் குறைந்த நாளில் தரையைத் தொடுமுன்பே காற்றில் கலைந்துவிடுகிறது. பெயரின் பொருளே ‘தூசி ஓடை’ தான். நாமாக இருந்தால் ‘சாரல்’ என்று பெயர் வைத்திருப்போம். 1779 அக்டோபரில் இதைப் பார்த்த ஜெர்மானியக் கவி கோத்தே ஒரு கவிதையே எழுதிவிட்டார்.

குற்றாலம்போல் அருவியில் குளிக்கலாமா? (தென்காசிக்காரர்)

கூடாது. அந்த உயரத்திலிருந்து தண்ணீரோடு கல்லும் விழும். கோடையில் பாறைக்குள் குடைந்த பாதை வழியாக ஏறி, அருவியின் பின்பக்கம் நின்று முகம் நனைத்துக்கொள்ளுங்கள். ஓட்டல் குளியலறைக்கு வெந்நீரும் வரும்.

ட்ரும்மல்பாக் அருவிக்குக் கட்டணம் கேட்கிறார்களே, அது தேவையா? அம்மாவுக்கு முழங்கால் வலி. குழந்தைக்கு மூன்று வயது. (சிங்கப்பூர் வாசகி)

முதலில் கெட்ட செய்தி: நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை உள்ளே விடுவதில்லை. யாராவது ஒருவர் வெளியே குழந்தையோடு இருக்க வேண்டும். மாறி மாறிப் போய் வாருங்கள், ஆனால் போகாமல் இருந்துவிடாதீர்கள். ஐகர், மோன்க், யுங்ஃபிராவ் ஆகிய மூன்று சிகரங்களின் பனியாற்று நீரும் இந்த ஒரே வழியில்தான் வடிகிறது. பத்து அருவிகளும் மலையின் வயிற்றுக்குள் இருக்கின்றன. வெள்ளம் மிகும்போது நொடிக்கு 20,000 லிட்டர் வரை பாய்கிறது. பாறைத் துகள் கலந்த கலங்கல் நீர் காலடியில் அதிரும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. மலைக்குள்ளேயே லிஃப்ட் இருக்கிறது. அதற்கப்பால் ஈரப் படிகள்தான், அதனால் அம்மா லிஃப்ட் நிற்கும் இடத்தை ஒட்டிய அருவிகளோடு திரும்புவது நல்லது. கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும். மேகமூட்டமான நாளை இதற்கு ஒதுக்குங்கள்.

போன முறை லாட்டர்புருன்னன் ரயிலில் ஏறி கிரிண்டல்வால்டில் இறங்கினோம். எப்படி? (மதுரை வாசகர்)

இன்டர்லாக்கன் ஓஸ்டில் புறப்படும் ரயில், ஸ்வைலூச்சினன் நிலையத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி லாட்டர்புருன்னனுக்கு, மறுபாதி பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும் கிரிண்டல்வால்டுக்கு. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறுங்கள். தவறினால் ஸ்வைலூச்சினனிலேயே மாறிக்கொள்ளலாம், தூங்காமல் இருந்தால்.

வெங்கனா, மியூரனா? ஒன்றுக்குத்தான் நேரம். (சென்னை வாசகி)

பள்ளத்தாக்கின் மேலே இருக்கும் இந்த இரண்டு மலையூர்களிலும் கார் கிடையாது, இரண்டும் அழகு. வெங்கனுக்குப் பல்சக்கர ரயில் 1893 முதல் ஓடுகிறது. நம் ஊட்டி ரயிலின் பல்சக்கர முறை வேறு வகை என்றாலும், அதை வகுத்தவரும் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர்தான். ஆனாலும் என் ஓட்டு மியூரனுக்கு. லாட்டர்புருன்னனிலிருந்து ரோப்காரில் குரூட்ச்சால்ப் ஏறி, அங்கிருந்து மலைவிளிம்பு ரயிலைப் பிடியுங்கள், அல்லது ஏறக்குறைய சமதளமான பாதையில் நடங்கள். வழிநெடுக எதிரே மூன்று சிகரங்களும் நிற்கும். மியூரனிலிருந்து கிம்மல்வால்டு என்ற சிற்றூருக்கு முக்கால் மணி நேர இறக்கம். அங்கே ஆளில்லாத ஒரு கடை உண்டு, பொருளை எடுத்துக்கொண்டு பணத்தை நாமே போட்டுவிட வேண்டும். பிறகு ரோப்காரில் ஸ்டெக்கல்பெர்க், அங்கிருந்து பஸ்ஸில் லாட்டர்புருன்னன். சுவிஸ் டிராவல் பாஸ் மியூரன், வெங்கன் வரை செல்லும். யுங்ஃபிராயோக்குக்குக் கட்டணக் கழிவு மட்டும்தான்.

சைவ உணவு கிடைக்குமா? (மயிலாடுதுறை வாசகர்)

உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட ‘ரோஸ்டி’ நல்ல துணை. ஆனால் அதில் சில இடங்களில் பன்றிக்கொழுப்புத் துண்டு சேர்ப்பார்கள், ‘ஓனே ஸ்பெக்’ என்று சொல்லிக் கேளுங்கள். சூப் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்தது. கண்டிப்பான சைவர் என்றால் குரூயேர் போன்ற பாலாடைக்கட்டியும் ஆகாது. கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளால்தான் பாலை உறையவைக்கிறார்கள். தங்குமிடத்தில் அடுப்பு இருந்தால் அரிசி, பருப்போடு வாருங்கள்.

அப்பாவுக்கு பைபாஸ் நடந்திருக்கிறது. யுங்ஃபிராயோக் அழைத்துப் போகலாமா? (திருச்சி வாசகர்)

அதை அவருடைய இதய மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும் தம்பி. இரண்டே மணி நேரத்தில் 800 மீட்டரிலிருந்து 3,454 மீட்டருக்குப் போகிறீர்கள், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. நலமாக இருப்பவருக்கே படியேறினால் மூச்சு வாங்கும். என்னைக் கேட்டால், அப்பாவை மியூரனில் ஒரு பெஞ்சில் உட்கார வைப்பேன். அதே யுங்ஃபிராவ் சிகரம் முழுதாகத் தெரியும் இடம் அது.

நவம்பரில்தான் எனக்கு லீவு. வரலாமா? (சூரிக்கில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துத் தங்கை)

ட்ரும்மல்பாக் மூடியிருக்கும், பல ஓட்டல்களும் அப்படியே. ரோப்கார்களின் பராமரிப்பும் பெரும்பாலும் அப்போதுதான் நடக்கும். லீவை மாற்ற முடியாவிட்டால் பெர்னுக்கு வாருங்கள். பல மதங்களின் வழிபாட்டிடங்கள் ஒரே கட்டடத்தில் இருக்கும், 2014இல் திறந்த சமயங்களின் இல்லத்தில் நம்மவர்களின் கோயில் இருக்கிறது, சைவச் சாப்பாடும் கிடைக்கும். வானம் தெளிந்த நாளாகப் பார்த்து அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் ரயிலில் போய்ப் பள்ளத்தாக்கைப் பார்த்து வந்துவிடலாம்.