யாருடைய ஒன்பது மணி? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வரும் ஆகஸ்டில் துருவப் பனி ஆய்வு குறித்து மூன்று நாள் பன்னாட்டுக் கருத்தரங்கை இணையவழியில் நடத்தப் போகிறோம். இருநூறு பேர் வரக்கூடும். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை ஜூமில் வரிசையாக உரைகளை வைத்துவிடலாம் என்கிறார்கள் குழுவில் மூத்தவர்கள். எனக்கு அது சரிப்படும் என்று தோன்றவில்லை. அண்டார்டிகா நிலையங்களில் இருப்பவர்களும் கலந்துகொள்ள வேண்டும் என்று ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

மதி, கோவா

அன்புள்ள மதி,

யாருடைய ஒன்பது மணி என்று அந்த மூத்தவர்களிடம் கேளுங்கள். துருவ ஆய்வாளர்கள் பூமியைச் சுற்றி வளையமாக உட்கார்ந்திருப்பவர்கள். ஆகஸ்டில் கோவாவில் காலை 9 என்றால் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அதிகாலை 4:30. அமெரிக்காவின் போல்டரில் முந்தைய நாள் இரவு 9:30. சிலியின் புந்தா அரீனாஸில் நள்ளிரவு தாண்டி அரை மணி. எல்லாருக்கும் பகலாக இருக்கும் ஒரு மணி நேரம்கூடக் கிடையாது. அதனால் நேரலை என்பதைத் தண்ணீர்ப் பஞ்சத்தில் குடிநீரைப் போலக் கணக்குப் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் போதும். உலகப் பொது நேரமான யூடிசி 11:00க்கு ஒன்று: கோவாவில் மாலை 4:30, கேம்பிரிட்ஜில் நண்பகல், புந்தா அரீனாஸில் காலை 8, ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் இரவு 9. யூடிசி 21:00க்கு இன்னொன்று: ஹோபார்ட்டில் காலை 7, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் காலை 9, போல்டரில் பிற்பகல் 3. இரண்டாவது உங்களுக்கு நடுராத்திரி 2:30. அதற்காக நீங்கள் விழித்திருக்க வேண்டாம், அமர்வுத் தலைவராக ஹோபார்ட்காரரையோ போல்டர்காரரையோ போடுங்கள். அறிவிப்புகளில் யூடிசி நேரம் மட்டும் இருக்கட்டும். ஆகஸ்ட் என்பதால் நடுவில் கடிகாரம் மாற்றும் தொல்லை உங்களுக்கு இல்லை. ஐஸ்லாந்தின் அக்குரேரியில் நடக்க வேண்டியிருந்து இணையத்துக்கு மாறிய 2020 ஆர்க்டிக் அறிவியல் வாரம் என்ற மாநாட்டின் நடுவில், மார்ச் 29 அன்று, ஐரோப்பாவில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினார்கள். ஐஸ்லாந்தில் அந்த வழக்கமே கிடையாது. அப்படி ஒரு வாரத்தில் 'உள்ளூர் நேரம்' என்று போட்டால் பாதிப் பேர் ஒரு மணி நேரம் தவறி வருவார்கள்.

உரைகளை முன்கூட்டியே பதிவு செய்து வாங்கிவிடுங்கள். ஆளுக்கு 8 நிமிடம், மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்பே தளத்தில் ஏறிவிட வேண்டும். நேரலையில் கேள்வியும் பதிலும் மட்டும். பேச்சாளர் இரண்டு நிமிடம் நினைவூட்டலாம், அதற்கு மேல் விட்டால் முழு உரையையும் மறுபடி ஆற்றிவிடுவார்.

பதிவில் எல்லாரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. பனிப்பாறையின் உள்ளடுக்குகளைக் காட்டும் ரேடார் படத்தில் அந்த அடுக்குகள் மயிரிழைக் கோடுகள். வீடியோவைச் சுருக்கும் மென்பொருள் அவற்றை இரைச்சல் என்று நினைத்து வழித்துவிடும். திரையில் சாம்பல் மெழுகினாற்போல் ஏதோ தெரியும், பேச்சாளர் மட்டும் "இந்த அடுக்கைப் பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். இத்தகைய படங்களை முழு அளவில், தரம் குறையாத பிஎன்ஜி கோப்பாகத் தனியே வாங்கி உரைக்குப் பக்கத்தில் வையுங்கள். கடற்பனி அசைபடங்களும் அப்படியே. திரைப் பகிர்வில் ஓட்டினால் திக்கித் திக்கி ஓடும். சுவரில் ஒட்டுவதற்காகச் செய்த நெட்டுக்குத்துப் போஸ்டர் லேப்டாப்பில் எறும்பெழுத்தாகத் தெரியும், 16:9 அளவில் கேளுங்கள். எதையும் யூடியூபில் மட்டும் ஏற்றாதீர்கள், கூகுள் படிவத்தை மட்டும் நம்பாதீர்கள். சீனாவில் இரண்டும் திறக்காது, அங்கே பெரிய துருவ ஆய்வுக் கூட்டம் இருக்கிறது.

இனி நிலையங்கள். அண்டார்டிகாவில் நம் நாட்டின் நிலையங்களான மைத்ரியும் பாரதியும் தென் அட்சரேகை 70 டிகிரியை ஒட்டி இருப்பவை. பூமத்திய ரேகைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பதுபோல் சுற்றும் புவிநிலைச் செயற்கைக்கோள் அங்கே அடிவானத்துக்கு மேல் பன்னிரண்டு டிகிரி ஏறினாலே அதிகம். 81 டிகிரியைத் தாண்டினால் கண்ணுக்கே படாது. அமெரிக்காவின் தென்துருவ நிலையம், நாளில் சில மணி நேரம் மட்டும் எட்டிப்பார்க்கும் பழைய, சாய்ந்த சுற்றுப்பாதைக் கோள்களை நம்பி ஓடிய இடம், அந்த நேரமும் தினம் நான்கு நிமிடம் முன்னே நகரும். பூமிக்கு அருகே சுற்றும் தாழ்சுற்றுச் செயற்கைக்கோள் இணைப்பு வந்த நிலையங்களில் நிலைமை தேவலை. எந்த நிலையத்தில் என்ன இணைப்பு என்று முதலில் எழுதிக் கேளுங்கள். 8 நிமிட வீடியோ விநாடிக்கு ஒரு மெகாபிட் என்றாலும் 60 எம்பி. அதே உரை 32 கிலோபிட் ஒலியாக இரண்டு எம்பிக்குள் அடங்கும், கூடவே இரண்டு எம்பி பிடிஎஃப். அதைத்தான் நிலையங்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் கேள்வியை மின்னஞ்சலில் அனுப்ப, தலைவர் வாசிக்கட்டும். நேரலையில் வந்தே தீருவேன் என்பவருக்கு, புவிநிலைக் கோள் வழியே குரல் போய்ப் பதில் திரும்ப அரை விநாடி ஆகும். தலைவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு மூன்று விநாடி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இருவரும் மாறி மாறி "நீங்க சொல்லுங்க" என்று கொண்டே இருப்பார்கள்.

நம் ஆர்க்டிக் நிலையமான ஹிமாத்ரி இருக்கும் நார்வேயின் நியூ ஓலசுண்டில் சிக்கல் வேறு. கண்ணாடியிழைக் கேபிள் இருக்கிறது, வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் அங்குள்ள ரேடியோ தொலைநோக்கிகளுக்காக 20 கிலோமீட்டர் ஆரத்துக்குள் 2 முதல் 32 கிகாஹெர்ட்ஸ் வரை அனுமதியின்றி எதுவும் அலை வீசக் கூடாது. வைஃபை, புளூடூத் இரண்டும் அந்த வரம்புக்குள் வருபவை. கம்பி ஹெட்செட்டும் லேன் கேபிளும் இருக்கிறதா என்று அங்கிருந்து பேசுபவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். புது லேப்டாப்களில் லேன் துளையே இருப்பதில்லை.

காபி இடைவேளைப் பேச்சை இணையத்தில் கொண்டுவர முடியாது. பொம்மை உருவங்கள் நடமாடும் மெய்நிகர் அரங்கத்துக்குக் காசைக் கொட்டாதீர்கள், முதல் நாளோடு வெறிச்சோடிவிடும். எட்டுப் பேருக்கு மிகாத, ஒரே தலைப்பில், 45 நிமிட, பதிவு செய்யாத அறைகள் ஓரளவு வேலை செய்யும்.

2022 ஆகஸ்டில் அண்டார்டிக் ஆய்வுக்கான அறிவியல் குழுவான ஸ்காரின் மாநாட்டை இந்தியா இணையத்திலேயே ஏற்று நடத்தியது. அதில் உழைத்தவர்கள் உங்கள் கோவாவில்தான் இருப்பார்கள், ஒரு மாலை போய்ப் பேசுங்கள்.

கடைசியாக அனுமதிப் படிவம். வெளிவராத தரவைக் காட்டுபவர்கள் பலர் இருப்பார்கள். மாநாட்டு நாட்களில் மட்டும், ஒரு மாதம் வரை, நிரந்தரமாக என்று மூன்று கட்டம் போடுங்கள். எதையும் குறிக்காமல் விட்டவரின் உரையை மூன்றாம் நாள் இரவே தளத்திலிருந்து இறக்கிவிடுங்கள்.

அன்புடன்