கியர் பைக்கில் யு-டர்ன் எடுக்கும்போது பாதியில் வண்டி சாய்கிறதா?

திரும்பும்போது முன் பிரேக்கைத் தொடாதீர்கள். ஹேண்டில் வளைந்திருக்கையில் அதைப் பிடித்தால் வண்டி உள்பக்கமாகச் சரியும். நீங்கள் ஒவ்வொரு முறையும் பாதி வளைவில் கால் ஊன்ற வேண்டியிருந்தால், பெரும்பாலும் இதுதான் காரணம்.

முதல் கியர், பாதி விட்ட கிளட்ச், லேசான ஆக்சிலரேட்டர், பின் பிரேக்கில் மெல்லிய அழுத்தம். கிளட்சை முழுதாகப் பிடித்தால் இழுவை போய் வண்டி தள்ளாடும். அப்புறம், முன் சக்கரத்தைப் பார்க்காமல் போக வேண்டிய பக்கம் கழுத்தையே திருப்பிப் பாருங்கள். பலரும் விடுவது இதைத்தான்.

காலி மைதானத்தில் நேர்கோட்டில் நடை வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அதிலேயே தள்ளாடினால் சிக்கல் திருப்பத்தில் இல்லை, கிளட்ச் பழக்கத்தில்.

இதெல்லாம் மெதுவான திருப்பத்துக்கு மட்டும். சாலையில் நேராகப் போகையில் அவசரமாக நிறுத்த, முன் பிரேக்தான் அதிகம் உதவும். அதையும் தனியாகப் பழகுங்கள்.