ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1854: லீவர் ரைஃபிள் கேள்வி பதில்

2024 ஜனவரியில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 1854 என்ற லீவர் ரைஃபிளை (ட்ரிகரைச் சுற்றியுள்ள வளைய நெம்பைத் தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) வெளியிட்டது. அது பற்றி சேலம், ஏற்காடு பக்கமிருந்து வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. சொந்தத் துப்பாக்கி பற்றிக் கேட்டவர்களுக்கும் முடிந்தவரை பதில் தந்திருக்கிறேன்.

அஸ்தம்பட்டி: புது ரைஃபிளுக்கு எதுக்குங்க 170 வருஷப் பழைய பேரு?

ஹோரேஸ் ஸ்மித்தும் டேனியல் வெஸ்ஸனும் லீவரால் இயங்கும் தொடர்சுடு கைத்துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கிய வருஷம் 1854. அந்தக் கம்பெனி 'வால்கானிக்' என்ற பெயருக்கு மாறி, ஆலிவர் வின்செஸ்டர் கைக்குப் போனது. அவரிடம் வேலை பார்த்த பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860-ல் அதைத் திருத்தி ஹென்றி ரைஃபிள் ஆக்கினார். வின்செஸ்டர் ரைஃபிள்களின் வம்சமே அங்கிருந்துதான். இவர்கள் பெற்ற பிள்ளை வேறு வீட்டில் வளர்ந்தது. அதனால் இந்தப் பெயருக்கு இவர்களுக்கு உரிமை உண்டு.

ஓமலூர்: சார், இது மார்லின் 1894-ஐ அப்படியே காப்பி அடிச்சதுதானே?

எலும்புக்கூடு அந்தப் பழைய மார்லின் லீவர் ரைஃபிளுடையதுதான். மேல்பக்கம் மூடிய ரிசீவர் (இயங்கும் பாகங்கள் இருக்கும் உலோகப் பெட்டி), காலிக்கூடு பக்கவாட்டில் தெறிக்கும். அதனால் மேலே ரெயில் போட்டு ஸ்கோப் வைக்கலாம். மேலே கூட்டை எறியும் பழைய வின்செஸ்டர் 94-ல் இது பெரிய தலைவலி.

ஆனால் காப்பி என்று தள்ளிவிட முடியாது. முதலில் வந்தது .44 மேக்னம் தோட்டாவுக்கானது: 19.25 அங்குலக் குழல், மொத்த நீளம் 36 அங்குலம், எடை 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். குழலுக்கு அடியிலுள்ள மேகசின் குழாயில் 9 தோட்டா, சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) 1. துருப்பிடிக்காத எஃகு, பிளாஸ்டிக் கட்டை, பெரிய வளைய லீவர், பின்னால் வட்டத் துளைக் குறி. பிறகு .357, .45 கோல்ட், .45-70 எல்லாம் சேர்ந்தன.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது மேகசின் குழாய். பக்கவாட்டு வாசல் வழியாக நிரப்பலாம். காலி செய்ய உள்குழாயை முன்பக்கமாக உருவினால் தோட்டாக்கள் சரிந்து வெளியே வந்துவிடும். பழைய ரைஃபிளில் ஒவ்வொரு தோட்டாவையும் சேம்பருக்குள் ஏற்றி இறக்கித்தான் காலி செய்ய வேண்டும். ஒன்பது தோட்டா என்றால் ஒன்பது தடவை ஆபத்து. குழாயை உருவிய பிறகும் சேம்பரில் ஒன்று இருக்கும். லீவரைத் திறந்து கண்ணால் பாருங்கள், சுண்டு விரலை விட்டும் தடவிப் பாருங்கள்.

வாழப்பாடி: இந்தியாவில் விலை என்ன அண்ணா?

அமெரிக்காவில் அறிமுக விலை 1,279 டாலர். இங்கே விலையே கிடையாது. தனியாள் இதை இறக்குமதி செய்ய முடியாது. அந்தச் சலுகை பெயர்பெற்ற போட்டி வீரர்களுக்குத்தான், அதுவும் போட்டித் துப்பாக்கிகளுக்கு. "ஏற்பாடு பண்ணித் தர்றேன், முன்பணம் அனுப்பு" என்று யாராவது சொன்னால், பணமும் போகும், ஆயுதச் சட்ட வழக்கும் வரும்.

ஆத்தூர்: லீவர் ரைஃபிள் அடிக்கடி ஜாம் ஆகும்கிறாங்களே, உண்மையா?

பாதிக்கு மேல் கையின் தப்பு. லீவரை முழுக்க முன்னால் தள்ளாமல் பாதியில் திரும்ப இழுத்தால் காலிக்கூடு முழுசாக வெளியே போகாது. அடுத்த தோட்டா வந்து அதில் முட்டி நிற்கும். கடைசி இரண்டு விரல்கடை தூரத்தில்தான் எல்லா வேலையும் நடக்கிறது. மெதுவாகப் பழகினாலும் சரி, கடைசிவரை தள்ள வேண்டும். தட்டென்று முட்டும் சத்தம் கேட்கணும்.

மீதி தேய்மானம். மார்லின் அமைப்பில் தோட்டாவைத் தூக்கிவிடும் தட்டு ஒன்று உண்டு. லீவரின் கூர்மையான ஓரம் அந்தத் தட்டில் உரசி உரசிப் பள்ளம் போடும். நகத்தால் வருடினால் பள்ளம் தட்டுப்படும். தட்டு மயிரிழை தாழ்ந்தாலும் இரண்டாவது தோட்டாவின் விளிம்பு நழுவி உள்ளே வரும். அப்புறம் லீவர் முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. அந்த ஓரத்தை எண்ணெய்க்கல்லில் லேசாக மழுக்குவதுதான் வைத்தியம், அதையும் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக் செய்யணும். பலத்தைக் காட்டி லீவரை இழுத்தால் தட்டு வளையும்.

கழற்றும்போது இன்னொன்று. லீவர் திருகை எடுத்து, லீவரை இறக்கி, போல்ட்டை உருவியதும் எஜெக்டர் (காலிக்கூட்டைத் தெறிக்கவிடும் துண்டு) பொத்தென்று விழும். கீழே வெள்ளைத் துணி விரிக்காமல் திருகைத் தொடாதீர்கள்.

மேட்டூர்: .44-ல் கூர்முனைக் குண்டு போட்டா தூரம் கூடுமா சார்?

போடவே கூடாது. குழாய் மேகசினில் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும். பின்னால் உள்ளதன் மூக்கு முன்னால் உள்ளதன் ப்ரைமரில் (தோட்டாவின் அடியில் அடிபட்டுத் தீ மூட்டும் இடம்) அழுந்தி நிற்கும். சுடும் உதையில் கூர்முனை ப்ரைமரைக் குத்தினால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். அந்தக் குழாயின் மேல்தான் உங்கள் இடது கை இருக்கிறது. தட்டைமூக்கு அல்லது மொண்ணைமூக்கு மட்டும் போடுங்கள். ஹார்னடி கம்பெனியின் வளையும் ரப்பர் மாதிரி நுனி உள்ள தோட்டா இதற்கென்றே செய்தது, அது வேறு கதை.

தூரம் பற்றி: 240 கிரெய்ன், அதாவது 15.5 கிராம் குண்டு, ரைஃபிள் குழலில் நொடிக்கு 500 மீட்டர் தாண்டும். 100 மீட்டர்வரை நம்பலாம். அதற்கு மேல் கல் எறிந்த மாதிரி வளைந்து இறங்கும்.

சூரமங்கலம்: எங்கே கிடைக்கும்? விலை?

வாழப்பாடிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஏற்காடு, தோட்டக்காரர்: இந்த 1854-ல குறுக்கே அழுத்துற குறுக்குப்பட்டன் சேஃப்டி எதுக்குங்க? ஹாஃப் காக் போதாதா? நூறு வருஷம் அதுலதானே ஓட்டினாங்க.

ஓட்டினார்கள், விரல் வழுக்கி வெடித்ததும் உண்டு. ஹேமரை (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தியல்) பாதியில் நிறுத்த, அதாவது ஹாஃப் காக்கில் வைக்க, முதலில் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு ட்ரிகரை அழுத்தணும். மழைக்கையில், கையுறையில் அந்த நொடி ஆபத்தானது. நிரப்பும்போதும் காலி செய்யும்போதும் பட்டன் ஹேமரைத் தடுத்து நிற்கும்.

தோட்டக்காரர் மறுபடி: பட்டன் போட்டது மறந்து ட்ரிகர் இழுத்தா 'டிக்'குனு ஹேமர் விழும், குண்டு போகாது. அது மட்டும் நல்லதா?

இல்லை. அது அந்த அமைப்பின் நிஜமான குறை, ஒத்துக்கொள்கிறேன். சுட்டதாக நினைத்து லீவரைத் தள்ளினால் நல்ல தோட்டா தரையில் விழும். வின்செஸ்டர் 94-க்கு 1992-ல் குறுக்குப்பட்டன் போட்டு, 2003-ல் கட்டைவிரல் படும் இடத்தில் பின்னால் மாற்றினார்கள். அந்த இடம்தான் சரி. ஆனால் இடம் சரியில்லை என்பதற்காக சேஃப்டியே வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

ஓமலூர், இடையில்: அண்ணா சொல்றதுதான் சரி. ஹாஃப் காக் பல்லு தேய்ஞ்சா?

சரியாகக் கேட்டீர்கள். ஹாஃப் காக்கில் மொத்தப் பாரத்தையும் தாங்குவது ஹேமரில் வெட்டிய சின்னப் பல்தான். கல்லில் விழுந்து ஹேமரில் அடி பட்டால் பல் முறியலாம். முறிந்தால் வெளியே தெரியாது.

நாகலூர்: பன்னிரண்டு போர் இரட்டைக்குழல், லைசென்ஸ் உள்ளது. மழைக்காலத்தில் செம்புள்ளி விழுது.

ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும். முதல் எதிரி உங்கள் உறை. தோலோ துணியோ, ஈரத்தைக் குடித்து இரும்பை அணைத்துக்கொண்டிருக்கும். உறை தூக்கிப்போக மட்டும், வைக்க அல்ல.

குளிரிலிருந்து சூடான அறைக்குள் வந்ததும் துடைக்காதீர்கள். அரை மணி நேரம் விட்டால் வியர்த்து முடியும். பிறகு காய்ந்த துணியால் குழல் உள்ளேயும் வெளியேயும் துடைத்து, துப்பாக்கி எண்ணெய் நாலைந்து சொட்டை துணியில் விட்டு, விரல் படாமல் பூசுங்கள். எண்ணெய் வழிந்தால் கட்டைக்குள் இறங்கி மரம் ஊறிப் பிளக்கும். அதனால் குழல்வாய் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். புள்ளி முதலில் விழுவது தோள்பட்டை வார் மாட்டும் வளையத்துக்கு அடியில். வாரத்துக்கு ஒரு முறை அதைத் திருப்பிப் பாருங்கள். விழுந்த புள்ளியை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், நீலப்பூச்சே போய்விடும். எண்ணெய் தோய்த்த மிக மெல்லிய எஃகு நாரால் மெதுவாக எடுக்கலாம்.

அயோத்தியாப்பட்டணம்: ஏர்கன்னில் பெரிய ஸ்பிரிங் போட்டு பவர் ஏத்தலாமா தல?

வேண்டாம். .177 அங்குலத் துளைக்குள், 20 ஜூலுக்குள் இருந்தால்தான் லைசென்ஸ் வேண்டாம். அரை கிராம் பெல்லட் நொடிக்கு 210 மீட்டர் போனால் 11 ஜூல், 283 மீட்டர் தொட்டாலே 20 ஆகிவிடும். தாண்டினால் லைசென்ஸ் இல்லாத ஆயுதம். ஸ்பிரிங் பெரிதானால் பிஸ்டன் சீலும் கிழியும், குறியும் தப்பும்.

வெள்ளாளகுண்டம்: தோட்டத்துக்கு வர்ற காட்டெருமையை .44 நிறுத்துமா?

இந்தக் கேள்விக்கு எண் தர மாட்டேன். காட்டெருமை 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. லைசென்ஸ் துப்பாக்கியோ ஏர்கன்னோ, சுட்டால் ஜெயில்தான். தோட்டச் சேதத்துக்கு வனச்சரகரிடம் மனு கொடுங்கள். பயிர்க்காவலுக்குச் சட்டம் சொல்வது மருந்து அடைக்கும் நாட்டுத் துப்பாக்கி, அதுவும் லைசென்ஸோடு.

தாரமங்கலம்: லைசென்ஸ் இருக்கு. லீவர் ரைஃபிள் வாங்க முடியாதுன்னா .315 எடுக்கலாமா?

எடுக்கலாம். இஷாபூர் .315 போல்ட் ரைஃபிள், உறுதியானது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், ஏற்கெனவே இரண்டு இருந்தால் முடியாது.

தோட்டக்காரர், கடைசியாக: சரிங்க, ஒத்துக்கறேன். சேஃப்டி வேலை செய்யுதான்னு எப்படிப் பார்ப்பது?

குழாய் காலி, சேம்பர் காலி என்று இரண்டு தடவை பாருங்கள். தோட்டாப் பெட்டி வேறு அறையில் இருக்கட்டும். சேம்பரில் போலித் தோட்டா வைத்து, குழலை மண்மூட்டை பக்கம் திருப்பி, பட்டனைப் போட்டு ட்ரிகரை இழுங்கள். ஹேமர் விழணும். பிறகு பாருங்கள், போலித் தோட்டாவின் ப்ரைமர் இடத்தில் புதுத் தடம் இருக்கக் கூடாது. தடம் இருந்தால் அந்தத் துப்பாக்கியில் இனி தோட்டா ஏற்றாமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.