வருமானம் ஏறுது, ஷேர் ஏன் இறங்குது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் ஷேர் வெச்சிருக்கிற சாஃப்ட்வேர் கம்பெனி இந்த குவார்ட்டர்ல 30% வருமானம் கூடியிருக்குன்னு ரிசல்ட் விட்டாங்க, மறுநாளே ஷேர் சரிஞ்சிருச்சு. நல்ல ரிசல்ட்டுக்கு ஏன் சார் இந்த அடி?

பதில்: போன மூணு மாசம் முடிஞ்ச கதை சார். அடுத்த குவார்ட்டர்ல எவ்ளோ வரும்னு கம்பெனி சொல்ற கைடன்ஸைத்தான் எல்லாரும் பாக்குறாங்க, அதுல கொஞ்சம் இழுத்தாலும் போட்டு சாத்திடுவாங்க. வீடியோ கால் கம்பெனி ஜூம் ஞாபகம் இருக்கா, 2021 ஜனவரியில முடிஞ்ச குவார்ட்டர்ல வருமானம் 369% ஏறுச்சு, ஆனா ஷேர் அதுக்கு முன்னாடியே 2020 அக்டோபர்ல உச்சம் தொட்டு இறங்க ஆரம்பிச்சிருச்சு. அடுத்த வருஷம் அதே குவார்ட்டர்ல வளர்ச்சி 21% தான்.

30%ங்கிறத அப்படியே எடுத்துக்காதீங்க, அது எங்கேருந்து வந்துச்சுன்னு பாருங்க. போன வருஷம் 100 ரூபா கட்டின அதே பழைய கஸ்டமர்ங்க இந்த வருஷம் 115 கட்டினா கம்பெனி தானா வளருது. 90 தான் கட்டுறாங்கன்னா ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற கதைதான், புது கஸ்டமர் பிடிக்க விளம்பரத்துக்கும் சேல்ஸ் ஆளுங்களுக்கும் கொட்டிக்கிட்டே இருக்கணும். இதுக்கு நெட் ரெவின்யூ ரிட்டென்ஷன்னு பேரு. நல்லா இருந்தா முதல் பக்கத்துலயே பெருசா போடுவாங்க, இல்லன்னா நீங்கதான் தேடணும்!

அப்புறம் டெஃபர்டு ரெவின்யூ. ஒரு வருஷ சந்தா 1,200 ரூபா முன்கூட்டியே வாங்கினாலும் ஒரு குவார்ட்டர்ல 300 தான் வருமானம், மிச்சம் 900 இன்னும் செஞ்சு கொடுக்கவேண்டிய வேலைன்னு கடன் பக்கத்துல உக்காந்திருக்கும். வருமானம் ஏறியும் அந்த தொகை சுருங்கிட்டே வந்தா புது ஆர்டர் குறையுதோன்னு சந்தேகப்படலாம், இல்லன்னா வருஷ பில்லை மாச பில்லா மாத்தியிருப்பாங்க, ரெண்டையும் விசாரிங்க.

கேள்வி: கணக்குல நஷ்டம், ஆனா "அட்ஜஸ்டட்" லாபம்னு போடுறாங்களே, எது நிஜம்?

பதில்: ரெண்டுக்கும் நடுவுல பெரும்பாலும் நிக்கிறது ஊழியர்களுக்கு சம்பளத்தோட கொடுக்குற ஷேர். கையில இருந்து காசு போகலன்னு அதை செலவுல சேர்க்காம லாபம் காட்டுறாங்க. போறது உங்க பங்குல இருந்துதான், மொத்த ஷேர் எண்ணிக்கை வருஷாவருஷம் ஏறுதான்னு பாத்தா தெரிஞ்சிடும்.

கேள்வி: கம்பெனி அறிக்கையில ரிஸ்க் ஃபேக்டர்ஸ்னு பக்கம் பக்கமா பயமுறுத்துறாங்க, எல்லாத்தையும் படிக்கணுமா?

பதில்: வேணாம். போட்டி, ஹேக்கிங், பொருளாதார மந்தம் எல்லாம் எல்லா கம்பெனியும் எழுதுறதுதான், வக்கீலுங்க வேலை. போன தடவை இல்லாம இந்த தடவை புதுசா சேர்ந்த வரி எதுன்னு மட்டும் தேடுங்க, அதோட ஒரே கஸ்டமர்கிட்ட இருந்து 10%க்கு மேல வருதான்னும் பாருங்க. ஆப்களுக்கு மெசேஜ், கால் வசதி கொடுக்குற ட்விலியோவுக்கு 2017 முதல் குவார்ட்டர் வருமானத்துல 12% ஊபர் ஒண்ணுகிட்ட இருந்தே வந்துச்சு, ஊபர் இனிமே நம்ம சேவையை குறைச்சுக்குவாங்கன்னு கம்பெனி மே மாசம் சொன்னதும் ஒரே நாள்ல ஷேர் கால்வாசி காலி. உங்க கம்பெனியில அப்படி ஒருத்தர் இருந்தா ரின்யூவல் எப்பன்னு கண்டுபிடிச்சு எழுதுங்க, அடுத்த இதழ்ல பேசலாம்.