கோபம் சீட்டு மேலா, மச்சினன் மேலா?

வணக்கம் மேடம்,

செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 41. சில வருடமாகப் போக்கர் என்ற சீட்டாட்டப் பழக்கம், முதலில் செல்போனில். 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டுவந்ததும் அது நின்றுபோனது. இப்போது சனிக்கிழமை ராத்திரி ஏற்காட்டில் நண்பர் ஒருவரின் காபித் தோட்ட வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். என் மச்சினனும் வருவான்.

ஆட்டம் தெரியும், கணக்கும் தெரியும். அடக்கம்தான் இல்லை. போன வாரம் என் கையில் இரண்டு ஏஸ், அவன் கையில் இரண்டு கிங். எல்லோருக்கும் பொதுவான நடுச்சீட்டு ஒன்றுகூடத் திறக்கும் முன்பே இருவரும் முழு சிப்பையும் (பணத்துக்குப் பதிலான வில்லைகள்) தள்ளிவிட்டோம். கடைசி நடுச்சீட்டு கிங்; அவனுக்கு மூன்று கிங் ஆகி ஜெயித்துவிட்டான். "என்ன மாமா, ஏஸ் காலை வாரிடுச்சா?" என்று சிரித்தான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அப்புறம் அவன் பந்தயம் வைத்தாலே போதும், கையில் ஒன்றுமில்லாவிட்டாலும் எதிர்த்துப் போட்டேன். மறுபடி சிப் வாங்கி அதையும் விட்டேன். பட்டறை ஆட்களுக்கு எடுத்து வைத்திருந்த கூலிப் பணமும் போய்விட்டது. நள்ளிரவு தாண்டி அதே கோபத்தோடு காரில் மலை இறங்கினேன். என் மனைவிக்குத் தொகை தெரியாது. ஆட்டத்தை விட மனசில்லை. கோபத்தை அடக்க வழி சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் கார். அந்தச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இனி மலைக்குப் போனால் தங்கிவிட்டுக் காலையில் இறங்குங்கள். இதில் பேரம் கிடையாது.

ஏஸ் ஜோடியோடு மோதும் கிங் ஜோடி நூற்றுக்கு ஏறக்குறைய 18 தடவை ஜெயித்துவிடும். கணக்குத் தெரியும் என்கிறீர்கள். மீதி 82-ஐ மட்டும் உங்கள் உரிமையாக எடுத்துக்கொண்டீர்கள். அந்த ஆட்டத்தில் நீங்கள் ஆடியது சரிதான். கெட்டுப்போனது அடுத்த ஆட்டத்திலிருந்து. கோபத்தில் நிதானம் இழந்து ஆடும் இதைப் போக்கர்காரர்கள் டில்ட் என்பார்கள். நஷ்டத்தில் நிற்கும் மனிதர் அதை ஈடுகட்ட இன்னும் பெரிய ஆபத்தில் துணிந்து இறங்குவார் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதினார்கள். விட்டதைப் பிடிக்கும் வேகம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல.

ஆனால் வெள்ளி விலை சரிந்த அன்று ஆத்திரத்தில் இரண்டு மடங்கு கட்டி வாங்குவீர்களா? மாட்டீர்கள். வெள்ளி உங்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை. மச்சினன் சிரிக்கிறான். ஏழெட்டுப் பேர் இருந்த மேஜையில் நீங்கள் எதிர்த்துப் போட்டது அவன் ஒருவனைத்தான். அவனோடு வேறு ஏதோ பழைய பாக்கி இருக்கிறது என்று நினைக்கிறேன். சொத்தோ, கல்யாண வீட்டுப் பேச்சோ, நீங்களே அறிவீர்கள். (மாமன் மச்சான் வழக்கு சீட்டுக்கட்டில் தீர்ந்து நான் பார்த்ததில்லை.) அதைப் பகலில், சிப் இல்லாத இடத்தில் பேசுங்கள்.

மேஜையில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காது சூடாவது உங்கள் உடம்பு தரும் முதல் தகவல். அது வந்ததும் அடுத்த சீட்டை வாங்காமல் எழுந்து வெளியே போங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி, சூடு தணிந்தபின் திரும்புங்கள். எவ்வளவு போனால் நிறுத்துவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்து, அந்தப் பணத்தை மட்டும் கொண்டு போங்கள். ஜிபே இருக்கும் போனைத் தோட்ட வீட்டு நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். கோபம் வந்தபிறகு எடுக்கும் எந்த முடிவையும் நான் நம்புவதில்லை.

இதெல்லாம் சொந்தப் பணத்தில் ஆடுபவருக்கு. கூலிப் பணத்தை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள் கோபத்தைவிட அதுதான் பெரிதாகப் படுகிறது. அடுத்தவர் பணம் எடுப்பதும் மனைவியிடம் தொகையை மறைப்பதும் சேர்ந்தால் அது அடக்கம் இல்லாத குறை மட்டுமல்ல, சூதாட்ட அடிமைத்தனத்தின் அறிகுறி. கூலியைக் கொடுத்து முடிக்கும்வரை மலை ஏறாதீர்கள். தொகையை மனைவியிடம் சொல்லுங்கள். சனிக்கிழமை ராத்திரி கை பரபரத்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைக்கலாம். இலவசம், தமிழிலும் பேசுவார்கள். நேரில் பார்க்க சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

கூலிப் பணத்தில் கை வைத்தது போன வாரம்தான் முதல் தடவையா? அதை மறைக்காமல் எழுதுங்கள்.