கல்வி கேள்வி – பதில்: கணினிப் பட்டப் படிப்பில் எதற்கு முதலிடம்?

கேள்வி: பிளஸ் டூவில் வணிகவியல் படித்த என் மகள் இந்த ஆண்டு பி.சி.ஏ. சேர்ந்திருக்கிறாள். நிரலாக்கம், தரவுத்தளம், அலுவலக மென்பொருள், தகவல் பாதுகாப்பு எல்லாமே பாடத்திட்டத்தில் உள்ளன. எதில் அவள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்?
– ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: நிரலாக்கத்தையும் தரவுத்தளத்தையும் சேர்த்தே படிக்கச் சொல்லுங்கள். தேர்வில் இவை தனித்தனித் தாள்கள். ஆனால் ரயில் முன்பதிவானாலும் மருத்துவமனைப் பதிவேடானாலும், எழுதப்படும் நிரல் பெரும்பாலும் ஏதோ ஓர் அட்டவணையில் உள்ள தரவைக் கேட்டு வாங்குகிறது அல்லது திருத்துகிறது. தரவைத் தம்முள் தொடர்புடைய அட்டவணைகளாக அமைக்கலாம் என்று ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரையே இன்றைய எஸ்.க்யூ.எல். (தரவுத்தளத்தில் உள்ள தரவைக் கேட்கவும் திருத்தவும் பயன்படும் மொழி) தரவுத்தளங்களுக்கு அடிப்படை. அதன் பிறகு எத்தனையோ நிரல்மொழிகள் வந்து மறைந்துவிட்டன. இந்த அடிப்படை மாறவில்லை. எனவே இதில் செலவிடும் நேரம் வீணாகாது.

வணிகவியல் படித்தது ஒரு குறை என்று உங்கள் மகள் எண்ண வேண்டாம். ஒரு பற்றுக்கு நிகராக ஒரு வரவு இருந்தே தீர வேண்டும் என்பதை அவர் முன்பே அறிவார். ஒரு கணக்கிலிருந்து பணத்தைக் கழித்து மற்றொன்றில் கூட்டுவதற்குள் மின்சாரம் நின்றுவிட்டால், இரண்டும் நடந்திருக்க வேண்டும் அல்லது இரண்டுமே நடக்காததுபோல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் தரவுத்தளப் பாடத்தில் ‘டிரான்சாக்‌ஷன்’ எனப்படுகிறது. கணக்குப் பதிவியல் பழகியவருக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது.

ஒரே விவரம் பல இடங்களில் திரும்ப வராதபடி அட்டவணைகளைப் பிரிப்பதே ‘நார்மலைசேஷன்’. மாணவர்கள் பலர் இந்தப் பகுதியில் வரையறைகளை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஓர் அட்டவணையை வரையச் சொன்னால் திகைக்கிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது. உங்கள் மகள் தம் கல்லூரி நூலகத்தை எடுத்துக்கொள்ளட்டும். ஒருவர் வாங்கிச் சென்ற ஒவ்வொரு புத்தகத்துக்கும் எதிரே அவருடைய கைப்பேசி எண்ணையும் எழுதிவைத்தால், எண் மாறும்போது அத்தனை வரிகளையும் திருத்த வேண்டும். ஒரு வரி விடுபட்டாலும் எது சரியான எண் என்று சொல்ல வழியிருக்காது. மாணவர், புத்தகம், இரவல் என மூன்று அட்டவணைகளாகப் பிரித்து முதலில் தாளில் வரைந்து, பிறகு பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதிப் பார்க்கட்டும். அதற்குப் போதுமான எஸ்.க்யூ.லைட் என்னும் சிறிய தரவுத்தள மென்பொருள் பைத்தானுடனேயே இலவசமாகக் கிடைக்கிறது.

அலுவலக மென்பொருளை ஒருமுறை ஒழுங்காகக் கற்றால் போதும். ஆனால் எக்செல் எதற்கு உரியது, எதற்கு உரியதன்று என்பதையும் சேர்த்தே கற்க வேண்டும். 2020இல் இங்கிலாந்தில், 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாத பழைய எக்செல் கோப்பு வடிவத்தைப் பயன்படுத்தியதால், கோவிட் தொற்று உறுதியான 15,841 பேரின் விவரங்கள் உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் போயின. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் அதனால் தாமதமானது. தரவுத்தளத்தில் இருக்க வேண்டியதை எக்செல்லில் வைத்ததன் விளைவு அது.

கேள்வி: அரசுத் தட்டச்சர் பணிக்குக் கல்லூரியில் படித்த அலுவலக மென்பொருள் தாள் போதுமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: போதாது. தமிழ்நாட்டில் அப்பணிக்குத் தொழில்நுட்பக் கல்வித் துறை வழங்கும் ‘ஆபீஸ் ஆட்டோமேஷன்’ கணினிச் சான்றிதழைத் தனியாகக் கேட்கிறார்கள். விண்ணப்பிக்குமுன் தேர்வாணையத்தின் அறிவிக்கையை முழுமையாகப் படியுங்கள்.

கேள்வி: பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மூன்று மாத ‘எத்திக்கல் ஹேக்கிங்’ (அனுமதியுடன் கணினிகளில் ஊடுருவிப் பாதுகாப்புக் குறைகளைக் கண்டறிதல்) பயிற்சி முடித்தால் வேலை உறுதி என்று ஒரு தனியார் மையம் கூறுகிறது. சேரலாமா?
– ஒரு மாணவர், தஞ்சாவூர்

பதில்: இப்போது வேண்டாம். தகவல் பாதுகாப்பு நல்ல துறைதான். ஆனால் எதைப் பாதுகாக்கிறோமோ அதைக் கட்டத் தெரிந்த பிறகே அது கைவரும். ‘எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன்’ என்னும் தாக்குதலையே பாருங்கள். பெயர் கேட்கும் பெட்டியில் ஒருவர் மேற்கோள் குறியையும் சில எஸ்.க்யூ.எல். சொற்களையும் இட்டால், கவனமின்றி எழுதப்பட்ட நிரல் அவற்றைப் பெயராகக் கொள்ளாமல் கட்டளையின் பகுதியாகவே தரவுத்தளத்துக்கு அனுப்பிவிடுகிறது. கட்டளையையும் பயனர் தரும் மதிப்பையும் பிரித்து அனுப்புவதே இதற்குரிய தீர்வு. எஸ்.க்யூ.எல். தெரியாதவர் கருவியை இயக்கிப் பார்க்கலாமே தவிர, கிடைத்த ஓட்டையை அடைக்க முடியாது.

சோதனைகளை உங்கள் சொந்தக் கணினியில் நீங்களே எழுதிய நிரலின் மீது மட்டும் செய்யுங்கள். பிறர் கணினியில் அனுமதியின்றி மோசடியாக நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வேலை உறுதி என்ற பேச்சை நம்பிப் பணம் கட்டுவதைவிட, என்.பி.டி.இ.எல். என்னும் இணையவழிக் கல்வித் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் தரவுத்தளம், கணினி வலையமைப்பு ஆகிய பாடங்களை இந்த ஆண்டே தொடங்குங்கள். படிப்பதற்குக் கட்டணமில்லை, சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக்கு மட்டுமே கட்டணம் செலுத்த வேண்டும்.